கிறிஸ்துமஸுக்கு வாசல் லைட்டை எல்.இ.டி.க்கு மாத்தப் போறீங்களா? நம்ம ஊர் டிசம்பர் மழைக்கு ஏத்த வழிகாட்டி

டிசம்பர் பொறந்துட்டா வாசல்ல ஸ்டார் ஏறணும், கேட்லயும் பால்கனியிலயும் சீரியல் லைட் ஓடணும், இல்லன்னா கிறிஸ்துமஸ் வந்த மாதிரியே இருக்காது. எங்க வீட்டுக்கும் எங்க அன்பியத்துக்காரங்க (சர்ச்சுல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்த குழு) போடுற, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுற தெரு குடிலுக்கும் பழைய பல்பையெல்லாம் எடுத்துட்டு எல்.இ.டி. போடுற வேலைய நான்தான் பாத்தேன். கடைக்காரர் ஒண்ணு சொல்றார், எலக்ட்ரீஷியன் வேற சொல்றார், ஈ.பி. ஆபீஸ்ல போய்க் கேட்டா மூணாவதா ஒண்ணு சொல்றாங்க, இப்படி ஏகப்பட்ட அலைச்சலுக்கு அப்புறம்தான் விஷயம் பிடிபட்டுச்சு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நான் சென்னைய வெச்சு எழுதுறேன், கரன்ட் ரேட்டு தமிழ்நாடு பூரா ஒண்ணுதான், அதனால தூத்துக்குடி, நாகர்கோவில் ஆளுங்களுக்கும் இது பொருந்தும்.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி பரண்ல இருக்கிறத இறக்கி எண்ணுங்க

பெட்டிய இறக்கி என்னென்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஸ்டாருக்குள்ள போடுற பல்பு எத்தனை வாட், ஒயர்ல வரிசையா ஹோல்டர் கட்டித் தொங்கவிடுற கலர் பல்பு எத்தனை, பழைய ரைஸ் பல்பு (அரிசி மாதிரி குட்டி பல்பு) சீரியல் எத்தனை செட்டுன்னு பக்கத்துல பக்கத்துல குறிச்சுக்கோங்க.

இதுல பெரும்பாலானவங்க கவனிக்காம விடுறது ஜீரோ வாட் பல்பு. பேரு ஜீரோ வாட்டுன்னு இருக்கிறதால அது கரன்ட்டே இழுக்காதுன்னு பல பேர் நம்புறாங்க. அந்தப் பழைய கண்ணாடி பல்பு ஒண்ணு 15 வாட் வரைக்கும் இழுக்கும். அந்தக் காலத்து மீட்டர்ல அவ்வளவு சின்ன லோடு பதிவாகாது, அதனால வந்த பேரு அது. இப்ப இருக்கிற டிஜிட்டல் மீட்டர் ஒண்ணையும் விடாது. வீட்டு முகப்புல 30 ஜீரோ வாட் பல்பு தொங்கவிட்டீங்கன்னா 450 வாட், ஒரு மிக்ஸி ஓடுற அளவுக்கு சாயங்காலத்துலேருந்து நடுராத்திரி வரைக்கும் போயிட்டே இருக்கும்.

2. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல மாத்த வேண்டாம், வரிசை முக்கியம்

ஒரு சாதாரண வீட்டுக் கணக்கு போட்டுக் காட்டுறேன். ஸ்டார் ரெண்டு, உள்ள 40 வாட் குண்டு பல்பு, ஆக 80 வாட். ஜீரோ வாட் 30, ஆக 450 வாட். ரைஸ் பல்பு சீரியல் ஆறு செட், செட்டுக்கு சுமார் 30 வாட்னு வெச்சா 180. மொத்தம் 710 வாட். சாயங்காலம் 6 மணிக்குப் போட்டு 12 மணிக்கு நிறுத்துறீங்க, 30 நாள் ஓடுதுன்னா கிட்டத்தட்ட 128 யூனிட்.

இதையே எல்.இ.டி.ல போட்டா ஸ்டாருக்கு 7 வாட் பல்பு ரெண்டு, கலர் பல்பு அரை வாட் வீதம் 30, சீரியல் செட்டுக்கு சுமார் 5 வாட் வீதம் ஆறு, மொத்தமே 59 வாட்தான். அதே 30 நாளுக்கு 11 யூனிட் கூட ஆகாது.

சரி, செலவு என்ன? நான் வாங்கின ரேட்டை வெச்சு தோராயமா சொல்றேன், கடைக்குக் கடை மாறும். 7 வாட் பல்பு ஒண்ணு 80 ரூபா, ரெண்டுக்கு 160. அரை வாட் கலர் பல்பு ஒண்ணு 40 ரூபா வீதம் 30க்கு 1200. கொஞ்சம் நல்ல சீரியல் செட்டு 250 வீதம் ஆறுக்கு 1500. இப்ப எது எவ்வளவு மிச்சம் பண்ணுதுன்னு பாருங்க. ஸ்டார் பல்பு மாத்தினா 160 ரூபாய்க்கு சுமார் 12 யூனிட் மிச்சம். ஜீரோ வாட் மாத்தினா 1200 ரூபாய்க்கு சுமார் 78 யூனிட் மிச்சம். சீரியல் மாத்தினா 1500 ரூபா போட்டும் 27 யூனிட்தான் மிச்சம்.

அதனால முதல் வருஷம் ஸ்டார் பல்பையும் ஜீரோ வாட்டையும் மாத்துங்க. சீரியல் நல்லா எரியுதுன்னா ஓடட்டும், ஒவ்வொண்ணா போகப் போக எல்.இ.டி. வாங்குங்க. கடையில எல்லாரும் முதல்ல சீரியலத்தான் எடுத்துக் காட்டுவாங்க, ஏன்னா கண்ணுக்கு அழகா இருக்கிறது அதுதான், நம்மளும் அதைத்தான் அள்ளிட்டு வருவோம், ஆனா காசு போற இடம் அது இல்ல.

ஸ்டாருக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 40 வாட் குண்டு பல்பு உள்ள எரியுற பேப்பர் ஸ்டாரை ஜனவரியில கழட்டிப் பாருங்க, பல்பு இருந்த இடத்துக்கு நேரா பேப்பர் பழுப்பு ஏறி, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்கும். குடில்ல வைக்கோலுக்குப் பக்கத்துல அதே பல்பு இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. எல்.இ.டி.ல அந்தச் சூடு இல்ல. காசு மிச்சம்ங்கிறத விட எனக்கு இதுதான் பெருசாப் படுது.

3. உங்க வீட்டு பில்லுல 500 யூனிட் எங்க இருக்குன்னு பாருங்க

நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். 2025 நிலவரப்படி சொல்றேன், முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் ஃப்ரீ. 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101லேருந்து 200 வரைக்கும் குறைஞ்ச ரேட்டு உண்டு. 500ஐத் தாண்டிட்டா அந்தச் சலுகை போயிடும், அதோட 500க்கு மேல போற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய்க்கு மேல வரும்.

உங்க வீட்டுல வழக்கமா 420 யூனிட் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. பழைய பல்புல 128 சேர்ந்தா 548, கோட்டைத் தாண்டிடுவீங்க. எல்.இ.டி.ல 11 சேர்ந்தா 431. 420, 450ன்னு ஓடுற வீட்டுக்கு இந்த மாற்றம் பில்லுல நல்லாவே தெரியும். 200, 250 யூனிட் ஓடுற சின்ன வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் லைட்டை மட்டும் வெச்சுப் போட்ட காசை எடுக்க சில வருஷம் ஆகும், அதையும் தெரிஞ்சுக்கிட்டே வாங்குங்க. பழைய பில்லுங்க கையில இல்லன்னா மின்வாரிய வெப்சைட்ல உங்க சர்வீஸ் நம்பரைப் போட்டு முந்தின வருஷ டிசம்பர், ஜனவரி ரீடிங்கை எடுத்துடலாம்.

4. கடையில எதைப் பாத்து வாங்கணும்

சென்னையில ஸ்ட்ரிப் (பட்டை மாதிரி நீளமா ஒட்டுற லைட்), அடாப்டர் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சமாச்சாரத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட், ஸ்டாருக்கும் அலங்கார சாமானுக்கும் பாரிஸ் கார்னர். எங்க போனாலும் இதெல்லாம் பாருங்க.

பாதுகாப்புல முதல்ல பாக்க வேண்டியது, அந்தச் செட்டு நேரா 230 வோல்ட்டுல ஓடுதா இல்ல அடாப்டர் வழியா குறைஞ்ச வோல்ட்டுல ஓடுதாங்கிறது. குட்டிக் குட்டி பல்பா இருக்கு, எல்.இ.டி. வேற, ஷாக் அடிக்காதுன்னு நினைக்காதீங்க. ப்ளக்கோட ஒரு சின்ன டப்பா, அதுல ஒரு பட்டன், அமுக்கினா எட்டு விதமா மாறி மாறி ஓடும், அந்த மாதிரி மலிவு செட்டுல அந்த டப்பா வோல்ட்டேஜைக் குறைக்கிறதே இல்ல. ஒயர் முழுக்க வீட்டுக் கரன்ட்டுதான் ஓடுது, தலைமுடி கனத்துக்கு இருக்கிற ஒரு ஒயர்ல. ஒரு பல்பு உடைஞ்சு கம்பி வெளிய நீட்டிட்டு இருந்து, கீழ இரும்பு கேட்டு ஈரமா இருந்தா உயிருக்கே ஆபத்து. அடாப்டர் மேல அவுட்புட் 12 வோல்ட், 24 வோல்ட், 31 வோல்ட்னு அச்சடிச்சிருக்கும், கைக்கு எட்டுற இடத்துல, குறிப்பா குழந்தைங்க தொடுற கேட்டு, செடி, திண்ணை, குடில், இங்கல்லாம் அந்த மாதிரி செட்டு மட்டும்தான் போடணும். விலை ரெண்டு மடங்கு வரும். குடுத்துடுங்க.

அடுத்து பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட முத்திரை. எல்.இ.டி. பல்புக்கும் அடாப்டருக்கும் அது கட்டாயம், முத்திரை பக்கத்துல ஆர்னு ஆரம்பிக்கிற ஒரு பதிவு எண் இருக்கும். போன்ல பி.ஐ.எஸ். கேர்னு ஒரு ஆப் இருக்கு, அதுல அந்த எண்ணைப் போட்டா எந்தக் கம்பெனி, என்ன பொருள்னு வந்துடும். கடையில நின்னுக்கிட்டே பாக்கலாம், நான் பாத்ததுல எண் ஒரு பொருளுக்கு இருக்கும், ஒட்டியிருக்கிறது வேற பொருள் மேல, அப்படியும் இருக்கு.

மூணாவது ஐ.பி. ரேட்டிங், தூசியும் தண்ணியும் உள்ள போகாம எவ்வளவு தாங்கும்னு சொல்ற எண். வெளிய மழை படுற இடத்துக்கு ஐ.பி. 65 வேணும். ஐ.பி. 44ன்னா சாரல் தாங்கும், சன்ஷேடுக்குக் கீழ போடலாம். இங்க ஒரு பொறி இருக்கு. பெட்டியில ஐ.பி. 65ன்னு போட்டிருக்கும், அது பெரும்பாலும் பல்பு ஓடுற ஒயருக்கு மட்டும்தான், அடாப்டருக்கும் ப்ளக்குக்கும் கிடையாது. நான் வாங்கின கடையில முழுக்க வாட்டர் ப்ரூஃப்னு அடிச்சுச் சொல்லித்தான் குடுத்தாங்க, ஒரு மழையிலேயே அடாப்டர் போயிடுச்சு, கேக்கப் போனா அடாப்டருக்கு வாரண்டி இல்லன்னுட்டாங்க. அதனால வாங்கும்போதே பில்லுல அடாப்டரோட சேர்த்து வாரண்டின்னு எழுதி வாங்குங்க, எழுத மாட்டேன்னா வேற கடை பாருங்க.

ஸ்ட்ரிப் லைட் வாங்குறவங்க 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல ஒரே பக்கத்துலேருந்து நீட்டிக்கிட்டே போகாதீங்க, கடைசி மங்கிப் போயிடும், ரெண்டு முனையிலேருந்தும் கரன்ட் குடுக்கணும். அடாப்டர் வாட் ஸ்ட்ரிப் வாட்டை விட நாலுல ஒரு பங்காவது கூட இருக்கட்டும். ரோப் லைட்டா இருந்தா சுருள் பிரிக்காம ரொம்ப நேரம் எரியவிடாதீங்க, சூடேறும்.

கலர்ல என் கருத்து, வார்ம் ஒயிட், அதாவது லேசா மஞ்சள் கலந்த வெள்ளை. வெள்ளை வெளேர்னு இருக்கிறது குடிலுக்கு ஒட்டவே ஒட்டாது, அதோட மழை விட்ட ராத்திரியில ஈசல் வெள்ளை லைட்டுக்குத்தான் கூட்டமா வரும், வார்ம்க்கு அவ்வளவு வராது.

சோலார் சீரியல் வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. டிசம்பர்ல நம்ம பக்கம் நாள் கணக்கா வெயிலே வராம மூடிக்கிட்டு இருக்கும், பேட்டரி ஏறாது, ஏழு மணிக்கே அணைஞ்சிடும். கிறிஸ்துமஸுக்குன்னு அதை வாங்காதீங்க.

5. கட்டுற வேலை: ஜாயிண்டுலதான் கவனம் முழுக்க

ஹோல்டர் தோரணம் வெச்சிருக்கவங்களுக்கு வேலை சுலபம். அது பேரலல் வயரிங், ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியா கரன்ட் வரும், அதனால பழைய ஜீரோ வாட்டைக் கழட்டிட்டு அரை வாட் எல்.இ.டி.ய அப்படியே மாட்டலாம், நடுவுல ஒண்ணு ரெண்டு பழசு கலந்து இருந்தாலும் எரியும். ரைஸ் பல்பு சீரியல்ல அது நடக்காது, அது ஒரு பல்பு வழியா அடுத்த பல்புக்குக் கரன்ட் போற சர்க்யூட்டு, அதுல எல்.இ.டி.ய ஒட்டுப் போட்டு ரிப்பேர் பண்ணாதீங்க, செட்டையே மாத்துங்க.

ஹோல்டர் எப்பவும் கீழ பாத்து தொங்கணும், இல்லன்னா தண்ணி உள்ள நிக்கும். எங்க எலக்ட்ரீஷியன் அண்ணன் தண்ணி பாட்டிலோட மேல் பாதிய வெட்டி, வாய் வழியா ஒயரை விட்டு, ஒவ்வொரு ஹோல்டர் மேலயும் குடை மாதிரி கவுத்துவிட்டார். குண்டு பல்பு சூட்டுக்கு அது உருகிடும், எல்.இ.டி.க்கு ஒண்ணும் ஆகாது. சாரலுக்கு நல்லா உதவுது, ஆனா நேரா மழை அடிக்கிற இடத்துக்கு இதை நம்பாதீங்க, அந்த பல்பெல்லாம் உள்ளறைக்குச் செஞ்சது.

ஜாயிண்டுல வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுத்திட்டு மழையில விடுறதுதான் நம்ம ஊர்ல எல்லாரும் பண்ற வேலை. ஈரத்துல அதோட பசை விட்டுப் போய் ரெண்டாம் நாளே பிரிஞ்சு நிக்கும். ஜாயிண்ட் எல்லாத்தையும் மூடி போட்ட பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள கொண்டு வாங்க, அடாப்டரும் அதுக்குள்ளயோ வீட்டுக்குள்ளயோ இருக்கட்டும். பாக்ஸுக்குள்ள போற ஒயர் மேலேருந்து நேரா உள்ள இறங்கக் கூடாது, பாக்ஸுக்குக் கீழ கொஞ்சம் தொங்கவிட்டு அடியிலேருந்து மேல ஏத்துங்க, அப்பதான் ஒயர் வழியா வர்ற தண்ணி கீழயே சொட்டிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மொட்டை மாடி தரையில வைக்கவே வைக்காதீங்க.

வெளி லைட்டுக்குப் போற லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா தானா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) வழியா போகுதான்னு பாருங்க. இல்லன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதல்ல அதைப் போடுங்க, லைட்டு அப்புறம் வாங்கிக்கலாம். இருக்கிறவங்க அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, டக்குனு விழணும். மழை நேரத்துல அது அடிக்கடி விழுதுன்னா எங்கயோ ஈரம் போயிருக்குன்னு அர்த்தம், தொந்தரவா இருக்குன்னு அதைச் சுத்திவிட்டு நேரா கனெக்ஷன் குடுக்கச் சொல்லாதீங்க.

சுவிட்சை ஆஃப் பண்ணியும் எல்.இ.டி. மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருந்தா பயப்படாதீங்க, ஆனா அப்படியே விடவும் வேண்டாம். பெரும்பாலும் சுவிட்சை கரன்ட் வர்ற ஃபேஸ் ஒயர்ல போடாம, திரும்பிப் போற நியூட்ரல் ஒயர்ல போட்டிருப்பாங்க, இல்லன்னா சுவிட்சுல இருக்கிற இண்டிகேட்டர் வழியா கொஞ்சம் கரன்ட் போகும். நியூட்ரல்ல இருந்தா ஆஃப்ல இருக்கும்போதும் லைட்டுல கரன்ட் இருக்கும், பல்பு கழட்டும்போது ஷாக் அடிக்கும், எலக்ட்ரீஷியனை வெச்சு மாத்திடுங்க.

ஈ.பி. கம்பம், அதை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி, மேல போற லைன் பக்கம் எதையும் கட்டாதீங்க. மரத்துல ஆணியும் அடிக்காதீங்க. கேபிள் டை போதும்.

6. டைமர்

300, 400 ரூபாய்க்கு ப்ளக்குல மாட்டுற டைமர் கிடைக்குது, 6 மணிக்குப் போட்டு 11 மணிக்கு நிறுத்தினா மிச்சம் இன்னும் கூடும். சக்கரம் சுத்துற மாடல் கரன்ட் போனா அப்படியே நின்னுடும், ஒரு மணி நேரம் கட் ஆச்சுன்னா அன்னைலேருந்து எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். உள்ள பேட்டரி வெச்ச டிஜிட்டல் மாடலா வாங்குங்க. டைமரும் வீட்டுக்குள்ளதான் இருக்கணும்.

7. தெருவுல, குடில்ல போடுறவங்களுக்கு: ஈ.பி.யும் அனுமதியும்

சொந்த காம்பவுண்டுக்குள்ள சொந்த மீட்டர்ல போடுறதோட நிக்கிறவங்க இதைத் தாண்டிப் போகலாம். தெரு முழுக்க அலங்காரம், ரோட்டோரக் குடில், வளைவுன்னு போறவங்களுக்கு ஈ.பி.யில தற்காலிக இணைப்பு வேணும். வீட்டு ரேட்டை விட அதோட யூனிட் ரேட்டு ரொம்ப அதிகம், அங்கதான் எல்.இ.டி.யோட அருமை தெரியும். எல்.இ.டி.யால மொத்த லோடு குறையும்போது முன்பணமும் குறையும்.

முதல்ல உங்க ஏரியா பிரிவு அலுவலகத்துல உதவிப் பொறியாளரைப் பாருங்க. கையில ஆதார் நகல், இடம் யாருதோ அவங்ககிட்டேருந்து சம்மதக் கடிதம், எத்தனை லைட்டு, எத்தனை வாட், எத்தனை நாள்ங்கிற லிஸ்ட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் விவரம், இதெல்லாம் இருந்தா பேச்சு சீக்கிரம் முடியும். விண்ணப்பம் ஆன்லைன்ல போடலாம், ஆனா முன்னாடியே நேர்ல பேசிட்டு போடுறது நல்லது. முன்பண ரசீதை பத்திரமா வெச்சுக்கோங்க, கணக்கு முடிக்கும்போது அது கேப்பாங்க. ரோட்டுல வளைவோ பந்தலோ வந்தா மாநகராட்சி அனுமதியும் காவல் நிலையத்துல ஒரு கடிதமும் தனியா வேணும், ஈ.பி. ஒண்ணை மட்டும் வாங்கிட்டு வந்து கடைசி நேரத்துல முழிக்கிறவங்க நிறைய. எல்லாம் சேர்த்து டிசம்பர் முதல் வாரத்துலயே ஆரம்பிச்சிடுங்க, 20 தேதிக்கு மேல ஆபீஸ்ல ஆளைப் பிடிக்கிறதே கஷ்டம்.

பக்கத்து வீட்டுலேருந்து ரோட்டைத் தாண்டி ஒயர் இழுக்கிறது வேண்டாம். கம்பத்துல கொக்கி போடுறது 2003 மின்சாரச் சட்டம் 135வது பிரிவுல திருட்டு, ரெண்டு நாளைக்குத்தானேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. தெருவுல ஒயர் அறுந்து கிடந்தா, கம்பத்துல தீப்பொறி வந்தா 94987 94987ங்கிற மின்னகம் நம்பருக்கு அடிங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க.

8. எப்ப வாங்கணும், எப்ப கட்டணும், எப்ப கழட்டணும்

தீபாவளி முடிஞ்ச உடனே நவம்பர்ல வாங்குங்க, மிச்ச ஸ்டாக்கு விலை இறங்கியிருக்கும், வீட்டுல ரெண்டு வாரம் ஓடவிட்டுப் பாக்கவும் நேரம் இருக்கும், கெட்டுப் போனா மாத்தவும் முடியும். டிசம்பர் 20க்கு மேல போனா இருக்கிறதுதான் கிடைக்கும், சொன்னதுதான் விலை.

கட்டுறது மட்டும் அவசரப்படாதீங்க. திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) தொடங்கின உடனே எல்லாம் ஏத்திடணும்னு ஆசையா இருக்கும், ஆனா நம்ம கடற்கரைக்குப் புயல் வர்ற நேரமும் அதுதான். 2023ல மிக்ஜாம் டிசம்பர் முதல் வாரம், 2024ல ஃபெஞ்சல் நவம்பர் கடைசி. ஸ்டாரை மட்டும் முதல்ல சிட் அவுட்டுக்குள்ள போடுங்க, வெளி வேலை டிசம்பர் 10க்கு மேல வெச்சுக்கோங்க. புயல் எச்சரிக்கை வந்தா ப்ளக்கைப் பிடுங்கிடுங்க, சுவிட்ச் ஆஃப் போதாது. மழை நின்னு ஒயர் காஞ்சு, ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாத்துட்டுத்தான் திரும்பப் போடணும்.

ஜனவரி முதல் வாரம் திருக்காட்சித் திருவிழா (மூணு ராஜாக்கள் திருநாள்) முடிஞ்ச உடனே கழட்டிடுங்க. பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்னு விட்டா வெயில்ல ஒயர் தோல் விறைச்சு வெடிக்கும், அணில் வேற கடிச்சு வைக்கும். கழட்டி ஒரு நாள் நிழல்ல காய வெச்சு, கார்ட்போர்டு அட்டையில சுத்தி, எந்தச் செட்டுக்கு எந்த அடாப்டர்னு பேனாவால எழுதி ஒட்டி வைங்க. 12 வோல்ட் செட்டுல 24 வோல்ட் அடாப்டரை மாட்டினா சில நொடியில செட்டு முழுக்கப் போயிடும், ப்ளக்கு பாக்க ஒரே மாதிரி இருக்கும். பழைய பெட்டியில சி.எஃப்.எல். பல்பு இருந்தா அதுல பாதரசம் இருக்கு, உடைக்காம, மத்த குப்பையோட கலக்காம மின்கழிவு வாங்குற இடத்துல குடுத்துடுங்க.